மரியாதை கேட்ட லுமும்பா

ஆப்பிரிக்காவின் நடுவில் உள்ள காங்கோ, 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. விழாவில் பேசிய பெல்ஜிய மன்னர், தன் முன்னோரான இரண்டாம் லியோபோல்டைப் புகழ்ந்தார். காங்கோவைச் சொந்தச் சொத்தாக வைத்திருந்தவர் லியோபோல்ட். ரப்பருக்காக மக்களின் கைகளை வெட்டிய ஆட்சி அவருடையது.

அப்போது, பேசுவோர் பட்டியலில் இல்லாத ஒருவர் எழுந்தார். அவர்தான் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா. வயது 34. விடுதலை போராடிப் பெற்றது என்றார். அடியையும் வயிறு நிறையாத கூலியையும் பறிபோன நிலத்தையும் நினைவூட்டினார். மரியாதைச் சொல்லைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, கறுப்பரை வெள்ளையர் ஒருமையில் அழைத்ததையும் மன்னர் முன்னிலையிலேயே சொன்னார்.

அது பட்டுத் தெரிந்த வலி. 1925இல் ஒனலுவா கிராமத்தில் பிறந்த லுமும்பா, தபால் அலுவலக எழுத்தராக இருந்தார். நாகரிகம் அடைந்தவர் என்று கறுப்பருக்குச் சான்று கொடுக்க, வீட்டுக்குள் வந்து சாப்பிடும் முறையைக்கூட அதிகாரிகள் சோதித்த காலம் அது. அவருக்கும் அந்தச் சான்று முதலில் மறுக்கப்பட்டது.

1958இல் இனக்குழு வேறுபாடு கடந்து காங்கோ தேசிய இயக்கத்தைத் தொடங்கினார். சிறைக்குப் போனார். 1960 ஜனவரியில் சிறையிலிருந்தே விடுதலைப் பேச்சுவார்த்தைக்கு பிரஸ்ஸல்ஸ் சென்றார். மே மாதத் தேர்தலில் அவர் கட்சியே அதிக இடங்களில் வென்றது.

கொடி மாறியது, அதிகாரம் மாறவில்லை. படை அதிகாரிகள் எல்லோரும் பெல்ஜியர்கள். பட்டம் பெற்ற காங்கோ மக்கள் 30 பேர்கூட இல்லை. கற்க விடாமல் வைத்திருந்ததன் விளைவு அது. ஒரு வாரத்துக்குள் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 11 அன்று தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா, பெல்ஜியத்தின் துணையோடு பிரிந்தது. ஐ.நா. படை அதை அடக்க மறுத்ததால், லுமும்பா சோவியத் உதவியை நாடினார். அமெரிக்கா பகையானது. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அவரைப் பதவி நீக்கினார். தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார்.

1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில், பெல்ஜிய அதிகாரிகள் பார்த்திருக்க, லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறைகூட இருக்கக்கூடாது என்று உடலை அமிலத்தில் கரைத்தார்கள். பெல்ஜியக் காவல் அதிகாரி ஒருவர் எடுத்து வைத்திருந்த ஒரு பல் மட்டும் 2022இல் குடும்பத்திடம் திரும்பியது. அதைத்தான் காங்கோ அடக்கம் செய்தது.

ஒருமையில் அழைக்கப்படும் வலி நமக்குப் புதிதல்ல. அதனால்தான் லுமும்பாவை நம்மவராக நினைக்கிறோம். மாணவர்கள் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வேண்டும்.