சென்னை மேயர் தீரர் சத்தியமூர்த்தி

பதவியாற் பெருமை பெறுவோர் பலர்; தம்மாற் பதவிக்குப் பெருமை தேடிக் கொடுப்போர் மிகச் சிலர். சென்னை மாநகரசபையின் மேயராக ஓராண்டே கடமையாற்றி, அந்நகரத்தார் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்க பணியினைத் தொடக்கி வைத்த தீரர் சத்தியமூர்த்தி அச்சிலருள் ஒருவராவார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆம் திகதி இவர் பிறந்தார். புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்பவற்றிற் பயின்று வழக்கறிஞரானார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இவர் பெற்றிருந்த நாவன்மை கேட்டாரைப் பிணிக்குந் தன்மையது. நாடகக் கலையிலும் பேரார்வங் கொண்டு, பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா நாடகத்திலே மனோகரனாக வேடந் தாங்கி நடித்தார்.

ஒத்துழையாமை இயக்கக் காலத்திற் சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதே காங்கிரசின் கொள்கையாயிருந்தது. சட்டசபையினுட் புகுந்து அந்நிய ஆட்சியைக் கேள்விகளால் நிலைகுலையச் செய்தல் வேண்டுமென்பது இவருடைய துணிபு. ஆதலாற் சுயராச்சியக் கட்சியைச் சார்ந்து, 1923 முதற் சென்னைச் சட்டசபையிலும், 1934ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் மத்திய சட்டசபையிலும் தொண்டாற்றினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது இவர் எதிர்த்து நின்றமை இவர் வாழ்விற் படிந்த குறையென்பதும் மறைத்தற்பாலதன்று.

1937ஆம் ஆண்டுத் தேர்தலிற் பல்கலைக்கழகத் தொகுதியை இராசகோபாலாச்சாரியாருக்கு விட்டுக்கொடுத்தார். பின்னமைந்த மந்திரிசபையில் இவருக்கு இடங்கிட்டவில்லை. எனினும் மனங்கசந்து ஒதுங்கினாரல்லர். 1939ஆம் ஆண்டிற் சென்னை மேயர் பதவி வந்தெய்தியபோது, அதனையும் மக்கட்பணிக்கு ஒரு வாயிலாகவே கொண்டார்.

அக்காலத்திற் சென்னை நகரம் குடிநீருக்குச் செங்குன்றம், சோழவரம் ஏரிகளையே பெரிதும் நம்பியிருந்தது. பருவமழை பொய்ப்பின் நகரமெங்குந் தண்ணீர்ப் பஞ்சந் தலைகாட்டும். இதற்குப் பரிகாரமாக, நகருக்கு மேற்கே பூண்டியிற் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி நீர்த்தேக்கம் அமைத்தல் வேண்டுமென இவர் முனைந்தார். உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. காங்கிரஸ் மந்திரிசபையும் பதவி துறந்துவிட்டது. தாம் எதிர்த்துப் போராடிய அந்நிய அரசினரையே இவர் இணங்கச் செய்தார். 1940ஆம் ஆண்டில் நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

அதே அரசு இவரைச் சிறையிடவுந் தயங்கவில்லை. 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்ற இவர், 1942 ஓகஸ்ட் மாதத்திற் பம்பாய் காங்கிரஸ் கூட்டத்தினின்றுந் திரும்புகையில் மீண்டும் கைதானார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது முதுகெலும்பிற் காயமுற்றார். அந்நோய் தீராமலே 1943 மார்ச் 28ஆம் திகதி சென்னைப் பொது வைத்தியசாலையிற் காலமானார்.

மறு ஆண்டிற் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவெய்தியது. அந்நீரை அருந்த இவர் உயிரோடிருந்திலர். நாடு விடுதலை பெற்றதைக் கண்டாருமிலர். ஆயினும், இவரைத் தம் அரசியற் குருவாகக் கொண்ட காமராசர் 1954இல் முதலமைச்சராகி நாட்டுக்குத் தொண்டாற்றினார். கிருஷ்ணா நதி நீரும் இன்று பூண்டிக்கே வந்து சேர்கின்றது. அந்நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி சாகரம் என இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பொதுப்பணியிற் புகவிருக்கும் மாணவர் இதனை மனங்கொள்வாராக. பதவிக்காலம் குறுகியதாயிருக்கலாம், அதிற் செய்யும் நற்பணியின் பயனோ தலைமுறை கடந்தும் நிற்கும்.