கங்கைகொண்ட சோழன்

இராஜராஜ சோழனின் புதல்வனாகிய இராஜேந்திரன் 1014ஆம் ஆண்டில் தனியரசு எய்தினான். ஈழமும் கடாரமும் அவன் படைவலியை உணர்ந்தன. அவனது சேனை கங்கைக்கரை வரை சென்று மீண்டது. ஆயினும் அவன் பெருமை போர்க்களத்தோடு முடிந்ததன்று. இன்றைய அரியலூர் ஜில்லாவில் கங்கைகொண்ட சோழபுரத்தை நிர்மாணித்து, கோயிலும் மதிலும் மாளிகையும் எழுப்பினான். வெற்றிக்குத் தூண் நாட்டாமல், சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்து, நீரையே வெற்றித்தூண் ஆக்கினான். 1044ஆம் ஆண்டில் அவன் மறைந்த பின்னரும், சோழர் ஆட்சி ஒடுங்கிய 1279 வரையில் அந்நகரே தலைநகராக விளங்கிற்று.

பகைவர் படைக்காக எழுப்பிய மதிலுக்குக் கும்பினி ஆட்சியில் வேறு விதமாகக் கேடு விளைந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல்லெடுத்தனர். அணையால் உழவர்க்கு நன்மையே. ஆனால் முன்னோர் தேட்டத்தை அழித்துத்தானா அந்நன்மையைச் செய்தல் வேண்டும்? நீருக்காகவும் மதிலுக்காகவும் ஒருங்கே பொருள் செலவிட்ட இராஜேந்திரனுக்கு, ஒன்றை அழித்து மற்றொன்றை ஆக்க நேரவில்லை.

2004இல் அக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கோபுரத்தைப் போற்றும் நாம் ஏரிக்கரையையும் வரத்துக்கால்களையும் மறத்தல் தகாது. அன்று அரசன் பொக்கிஷத்தைத் திறந்தான். குடியரசில் ஆள்வோர் குடிகளே ஆதலின், அக்கடமை இப்பொழுது நம்முடையது.