உருளைக்கிழங்கில் உயிரின் ஆற்றல் வழியைக் கண்ட கமலா சோஹோனி

மும்பை: சூரிய ஒளியின் துணையோடு குளுக்கோஸை உருவாக்கும் தாவரம், தன் ஆற்றல் தேவைக்காக அதையே சிதைக்கிறது. இச்சிதைவில் ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் முதலில் இரண்டு பைருவேட்டுகளாகப் பிளவுபடுகிறது. பின்னர் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில், அதிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள் படிப்படியாக ஆக்சிஜனுக்குக் கைமாற்றப்படுகின்றன. இந்தக் கைமாற்றத்தில் இன்றியமையாதது சைட்டோகுரோம் சி என்னும் புரதம். அது தாவர செல்களிலும் உண்டு என்பதை உருளைக்கிழங்கை ஆராய்ந்து நிறுவியவர், மும்பையில் நெடுங்காலம் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி.

1911-ம் ஆண்டு இந்தூரில் பிறந்த கமலா பாகவத், 1933-ல் பம்பாயில் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். தந்தையும் அவருடைய சகோதரரும் பயின்ற பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதைக் காரணம் காட்டி, அப்போதைய இயக்குநர் சர் சி.வி. ராமன் இடம் தர மறுத்தார். கமலா பணியவில்லை, காந்திய வழியில் போராடினார். இறுதியில், ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட கடும் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. அவரது ஆய்வுத் திறனைக் கண்ட ராமன், மற்ற பெண்களுக்கும் கழகத்தில் இடமளிக்க முன்வந்தார்.

பால், பருப்பு வகைகளிலுள்ள புரதங்களை ஆராய்ந்த கமலா, பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். விலங்கு செல்களில் அறியப்பட்டிருந்த சைட்டோகுரோம் சி, தாவரங்களிலும் செயல்படுவதை அங்குதான் கண்டறிந்தார். சுமார் 40 பக்கங்களே கொண்ட ஆய்வேட்டுக்காக, 1939-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவர், டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிலும், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பணிபுரிந்தார். 1947-ல் திருமணமாகி மும்பையில் குடியேறினார். குர்லாவிலிருந்து புறநகர் ரயிலில் எளிதில் சென்றடையக்கூடிய கோட்டைப் பகுதியிலுள்ள அறிவியல் கல்லூரியில் பேராசிரியராகவும், பின்னர் இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார். இயக்குநர் பதவி அவருக்கு மிகுந்த காலதாமதத்துக்குப் பின்னரே கிடைத்தது.

பதநீர் எனப்படும் நீராவின் ஊட்டச்சத்துகளை அவரும் மாணவர்களும் ஆராய்ந்தனர். ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள பழங்குடியினக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பயன் தரும் என இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. இப்பணிக்காக அவருக்குக் குடியரசுத் தலைவர் விருது வழங்கப்பட்டது. ஆரே பால் திட்டத்துக்கும் அவர் ஆலோசனை வழங்கினார்.

1998-ம் ஆண்டு டெல்லியில் தம்மைப் பாராட்டி நடத்தப்பட்ட விழாவில் மயங்கி விழுந்த கமலா சோஹோனி, சில நாள்களில் காலமானார். ஆய்வுக்கூட வாயிலில் ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட அவரது கண்டுபிடிப்பு, செடிக்கும் மனிதனுக்கும் பொதுவான ஆற்றல் வழி ஒன்றை அறிய உதவியது.