பசியை மறக்காத நட்சத்திரம்

குட்டீஸ்... சினிமா நட்சத்திரம் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பளபளக்கும் உடை, பெரிய கார், கையெழுத்து கேட்டு மொய்க்கும் கூட்டம்... அப்படித்தானே? இவை எல்லாம் இருந்தும், பசியால் வாடும் குழந்தைகளைத் தேடிப் போன ஒரு நடிகையைப் பற்றித் தெரிந்துகொள்வோமா? அவர்தான் ஆட்ரி ஹெப்பர்ன்!

ஆட்ரி, 1929ம் ஆண்டு மே 4ம் தேதி பெல்ஜியம் நாட்டில் பிறந்தார். அம்மா நெதர்லாந்துக்காரர். ஆட்ரிக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 1939ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், மகளை அழைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குப் போனார் அம்மா. அங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்று நம்பினார். ஆனால், அடுத்த ஆண்டே ஜெர்மனிப் படை அந்த நாட்டைப் பிடித்துவிட்டது!

1944ம் ஆண்டு குளிர்காலம் மிகக் கொடுமையானது. கடைகளில் உணவே இல்லை. மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஆட்ரியும் பட்டினியால் மெலிந்து, ரத்தசோகையால் அவதிப்பட்டார்.

1945ல் போர் முடிந்தது. உதவி அமைப்புகள் உணவும் மருந்தும் கொண்டு வந்தன. 16 வயது ஆட்ரி உயிர் பிழைத்தார். அந்த உதவியை அவர் கடைசிவரை மறக்கவே இல்லை.

பாலே நடனக் கலைஞராக வேண்டும் என்பது அவரது கனவு. அது நிறைவேறவில்லை. ஆனால், சினிமா அவரை அழைத்தது. 1953ல் வெளியான 'ரோமன் ஹாலிடே' படத்துக்காக ஆஸ்கர் விருது வாங்கினார். உலகமே அவரைக் கொண்டாடியது!

ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், அவரைத் தன் நல்லெண்ணத் தூதர் ஆக்கியது. முதல் பயணம், பஞ்சத்தில் வாடிய எத்தியோப்பியாவுக்கு! அங்கே ஓர் அனாதை இல்லத்தில் பசியால் தவித்த குழந்தைகளைப் பார்த்தார். திரும்பி வந்து சும்மா இருந்தாரா? இல்லை! நிருபர்களைச் சந்தித்து, பார்த்ததை எல்லாம் சொன்னார். தன் புகழால்தான் கேமராக்கள் தன் பின்னால் வருகின்றன என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேமராக்களைக் குழந்தைகள் பக்கம் திருப்பிவிட்டார்!

துருக்கியில் தடுப்பூசித் திட்டத்துக்குத் துணை நின்றார். அங்கே மருந்தை ஊர் ஊராகக் கொண்டு போக, ராணுவம் லாரிகளைத் தந்தது. மீன் வியாபாரிகள்கூட வண்டிகளைத் தந்தார்கள். 1989ல் வங்கதேசம், 1990ல் வியட்நாம் என்று அவர் பயணம் தொடர்ந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான குடிநீர், கல்வி ஆகியவை கிடைக்க வேண்டும் என்று போன இடமெல்லாம் பேசினார்.

1992 செப்டம்பரில், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய சோமாலியாவுக்குப் போனார். அதுவே கடைசிப் பயணம். திரும்பிய சில வாரங்களில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1993 ஜனவரி 20ம் தேதி, சுவிட்சர்லாந்தில் உள்ள தன் வீட்டில், 63 வயதில் காலமானார். அவரது மனிதநேயப் பணிக்காக, அதே ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறப்பு விருது வழங்கப்பட்டது. அதை அவரது மகன் பெற்றுக்கொண்டார்.

பார்த்தீர்களா, குட்டீஸ்! சிறு வயதில் தனக்குக் கிடைத்த உதவியை, பல நாட்டுக் குழந்தைகளுக்குத் திருப்பித் தந்துவிட்டார் ஆட்ரி. உங்களுக்கும் யாராவது எப்போதாவது உதவி செய்திருப்பார்கள், இல்லையா? அதை நீங்கள் யாருக்குத் திருப்பித் தரப்போகிறீர்கள்? இன்றே யோசியுங்களேன்!