வயலுக்குள் இறங்கிய அதிகாரி: ஹியூ பெனெற்றின் கதை

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் ஒரு படத்தைத் திரையில் காட்டினார். புழுதிக் காற்றுக்குள் ஒரு தகப்பனும் இரண்டு மகன்மாரும் ஒரு கொட்டிலைக் கடந்து நடக்கிறார்கள். 1936இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஆர்தர் ரொத்ஸ்ரைன் எடுத்த படம். நாங்கள் சட்டகம் பற்றியும் ஒளி பற்றியும் ஒரு மணித்தியாலம் பேசினோம். அந்தக் காணிக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

பல வருடங்கள் கழித்து முல்லைத்தீவில் ஒரு வயலில் நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. யுத்த காலத்தில் அந்த வயலுக்குக் குறுக்கே மண் அணை போட்டிருந்தார்கள். மீள்குடியேறியபின் அணையைத் தள்ளி மட்டமாக்கினார்கள். ஆனால் மேல்மண் அடியில் போய், அடிமண் மேலே வந்துவிட்டது. வயலுக்குச் சொந்தக்காரியான அம்மா ஓர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தார். காணி உறுதி கேட்டார்கள். அது இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. படிவம் நிரப்ப வந்தவர் மோட்டார் சைக்கிளை றோட்டில் நிறுத்தி, அங்கிருந்தே எழுதிக்கொண்டு போனாராம்.

கெட்டுப்போன மண்ணுக்கு அரசாங்கங்கள் என்ன செய்திருக்கின்றன என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஹியூ ஹமண்ட் பெனெற்.

1881 ஏப்ரல் 15ஆம் திகதி வட கரோலினாவின் ஆன்சன் மாவட்டத்தில், ஒரு பருத்தித் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்து அப்போது 16 வருடங்கள். அடிமைகளின் உழைப்பில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி மட்டுமே விளைந்த சரிவு நிலங்கள் மழைக்குக் கரைந்துகொண்டிருந்தன. சிறுவனாக இருந்தபோதே தகப்பனோடு சேர்ந்து சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டியிருக்கிறார்.

1903இல் பட்டம் பெற்று, விவசாயத் திணைக்களத்தின் மண் பிரிவில் சேர்ந்தார். 1905இல் வேர்ஜினியாவின் லூயிசா மாவட்டத்தில் மண்ணை ஆய்வு செய்தபோது பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடு, மண் மெத்தென்று, ஈரமாக, கையால் தோண்டக்கூடியதாக இருந்தது. மற்றது பயிர் செய்த நிலம். காய்ந்து இறுகிய களி. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மண்தான். பள்ளம் விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தாள் கனத்தில் மேல்மண் உரிந்து போவது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. வயலுக்குள் இறங்கிக் குனிந்ததால் அவர் அதைக் கண்டார்.

மேலிடம் கேட்கவில்லை. மண் அழியாத சொத்து என்று அவருடைய பிரிவே 1909இல் எழுதி வெளியிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாக அவர் அதை மறுத்துக்கொண்டிருந்தார். 1928இல் மண்ணரிப்பைத் தேசிய ஆபத்து என்று சொல்லும் அறிக்கையை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். அடுத்த வருடம் ஆராய்ச்சிக்காக 160,000 டொலர் ஒதுக்கப்பட்டது.

1933இல் மண்ணரிப்புச் சேவை தொடங்கியது. தலைவர் பெனெற்; கையில் 5 மில்லியன் டொலர். விஸ்கொன்சினில் கூன் பள்ளத்தாக்கு முதல் களமாயிற்று. அங்கே செய்த வேலைதான் என்னை அதிகம் இழுத்தது. உத்தியோகத்தர்கள் பண்ணை பண்ணையாகப் போனார்கள். கமக்காரரோடு நிலத்தைச் சுற்றி நடந்து, எந்தத் துண்டில் என்ன செய்வது என்று அந்தப் பண்ணைக்கென்றே ஒரு திட்டம் வரைந்தார்கள். பிறகு ஐந்து வருட ஒப்பந்தம். அரசு விதையும் வேலி போடச் சாமானும் தந்தது. வேலையில்லாத இளைஞர்களின் முகாமிலிருந்து ஆட்களையும் அனுப்பியது. கமக்காரர் பங்குக்குச் சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும், சோளம் ஒரு பட்டி, புல் ஒரு பட்டி என்று மாற்றிப் போடவேண்டும், செங்குத்தான காட்டுச் சரிவில் மாடு மேய விடக்கூடாது. நானூறுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

1935 வசந்தத்தில் அவர் செனற் குழுவொன்றின் முன் சாட்சியம் சொல்லப் போனார். மேற்கிலிருந்து புழுதிப் புயல் வருவது தெரிந்து, வானம் இருளும் வரை பேச்சை இழுத்தடித்தார் என்று ஒரு கதை உண்டு. சொல்பவரைப் பொறுத்து கதை கொஞ்சம் மாறும். ஏப்ரல் 14ஆம் திகதி தென்சமவெளியில் பகலை இரவாக்கிய கறுப்பு ஞாயிறு. ஏப்ரல் 27ஆம் திகதி மண் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

கூன் பள்ளத்தாக்கின் கதையை அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உறுதி இல்லாதவர்களுக்கும் குடுத்தவையோ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தபோது பெருமை கொஞ்சம் இறங்கியது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் காணி சொந்தமாக உள்ளவர்களோடுதான். அதே 1933இல், பருத்திப் பரப்பைக் குறைத்தால் பணம் தரும் இன்னொரு திட்டமும் வந்தது. அது பெனெற்றின் திட்டம் இல்லை. ஆனாலும் அவர் பிறந்த தெற்கில் காசு தோட்டக்காரரிடம் போய்ச் சேர்ந்தது; பங்குக்கு விதைத்த ஏழைகள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், காணியை விட்டு எழுப்பப்பட்டார்கள். பெனெற்றைப் புகழும் கட்டுரைகளில் இதை நான் அதிகம் காணவில்லை.

1937இல் அரசுப் பணத்தை உள்ளூர் கையாள வழி பிறந்தது. கமக்காரர்களே நிர்வாகத்தில் இருக்கும் மண் பாதுகாப்பு வலயங்களுக்குச் சட்டம் இயற்றும்படி ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். ஓகஸ்ட் 4ஆம் திகதி உருவான முதல் வலயம் பிரவுண் கிறீக். பெனெற் பிறந்த காணியும் அதற்குள்தான். இன்று அங்கே அப்படி ஏறத்தாழ 3,000 வலயங்கள் இருக்கின்றன.

பெனெற் 1951 வரை தலைவராக இருந்தார். இலங்கையின் மண் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 1960 ஜூலை 7ஆம் திகதி, 79 வயதில் இறந்தார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 1994இல் அவருடைய சேவைக்குப் பெயர் மாற்றினார்கள். மாட்டுப் பண்ணைக்காரர் வேலி போடவும், மேய்ச்சல் தரையில் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் செலவில் ஒரு பங்கை இப்போதும் அது தருகிறது. வழமையாக வேலை முடிந்த பிறகுதான் காசு கைக்கு வரும். கையில் முதல் இல்லாதவர்கள் இதனால் பின்வாங்குவதைக் கண்டு, முன்பணம் கொடுக்கும் ஏற்பாட்டைப் பிறகு சேர்த்தார்கள்.

கூன் பள்ளத்தாக்கின் படமொன்றை அச்சிட்டு வைத்திருக்கிறேன். பட்டி பட்டியாக வளைந்து போகும் வயல் எப்படி இருக்குமென்று பார்க்கவேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மாரி தொடங்க முன் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.