தம்மை மறைக்காத தமிழ்த் தாத்தா

தன் பெருமையை உலகறியச் செய்யும் ஆவல் மனிதனுக்குப் புதிதன்று. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே எழுதி வைத்தான். கி.பி. 14-இல் அவன் மறைந்தபின் அவை வெண்கலத்தில் பொறிக்கப்பெற்று அவன் கல்லறை முன் நின்றன. வெற்றிகள் எல்லாம் அதில் உண்டு. கி.பி. 9-இல் செருமானியக் காட்டில் அவனுடைய மூன்று பெரும்படைகள் அழிந்த செய்தி மட்டும் இல்லை! இன்று நாம் இன்ஸ்டாகிராமில் செய்வதும் அதுதானே? தேறிய தாளைப் போடுகிறோம். தவறிய தாளை மறைக்கிறோம்.

இதற்கு மாறாகத் தம் அறியாமையையே ஊரறிய எழுதியவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

1855 பிப்ரவரி 19-இல் உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர், குடும்பமோ வறியது. ஆங்கிலக் கல்வியோ கல்லூரிப் பட்டமோ அவருக்கு இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பெருமிதத்தோடு அடுக்கினார் ஐயர். முதலியார் முகம் மலரவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

அன்றைய நாணமே பெருமுயற்சியாக மாறியது. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதி எளிதில் விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த ஐயர் கும்பகோணத்துச் சமணர்களை நாடி ஐயம் தீர்த்துக்கொண்டார். சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் டாக்டர் பட்டம் வழங்கியது.

முதலில் தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதி முடித்தார். அதன் பின்னரே, 1940-இல், ஏறத்தாழ 85-ஆம் வயதில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். முதலியார் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அந்தத் தலைகுனிவை மறைத்திருந்தால் கேட்பார் யார்? ஆயினும் ஒளிக்காமல் எழுதினார். 1942 ஏப்ரல் 28-இல் அவர் மறைய, நூல் முற்றுப்பெறாமலே நின்றது.

ஆரல்வாய்மொழியிலிருந்து பேருந்தேறி வரும் நான், எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன். முதலாண்டில் ஆங்கிலத்தில் நடந்த பாடம் விளங்காமலே விளங்கியதுபோல் தலையசைத்தேன். ஆனால் ஆய்வகத்தில் நிமிர்ந்து நிற்கும் என் படத்தை மட்டும் கைப்பேசியில் போட்டேன். வீட்டாரும் ஊராரும் மகிழ்ந்தனர். நான் மட்டும் மகிழவில்லை. அந்த விடுமுறையில் நூலகத்தில் 'என் சரித்திரம்' கிடைத்தது. கல்லூரி திறந்ததும் வகுப்பில் எழுந்து, விளங்கவில்லை ஐயா என்றேன். ஆசிரியர் கோபிக்கவில்லை, மீண்டும் தமிழில் விளக்கினார்.

மாணவ நண்பர்களே! தெரியாது என்று சொன்ன நாளில்தான் ஐயரின் தமிழ்ப்பணி தொடங்கியது. நமது கல்வியும் அங்கேதான் தொடங்கும். வாழ்க தமிழ்த் தாத்தாவின் புகழ்!