இரேச்சல் கார்சன் அம்மையார்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் மாரிக்காலத்தில் பறவைகள் திரள் திரளாக வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை உணர்ந்த ஊரார், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். மாமல்லபுரக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட்டுச் செல்கின்றன. இவ்வுயிர்களைக் கொல்ல வரும் வேடனை விரட்டலாம். நீரிலும் மீனிலும் கலந்து வரும் நஞ்சை விரட்டுதல் எளிதோ? அத்தகைய நஞ்சின் கொடுமையை உலகறியச் செய்தவர் இரேச்சல் கார்சன் அம்மையார் ஆவார்.

இவர் அமெரிக்க நாட்டில், பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பிறந்தார். பறவைகளையும் செடிகொடிகளையும் உற்று நோக்க அன்னையார் கற்பித்தார். 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் மறையவே, குடும்பச் சுமையை ஏற்று அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951இல் இவர் எழுதிய நூல் பெரும்புகழ் ஈட்டியது.

அக்காலத்தில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியை வயலிலும் மரத்திலும் வரையின்றித் தெளித்தனர். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் உண்டன. புழுக்களைத் தின்ற பறவைகள் மடிந்தன. தப்பிய பறவைகள் பலவற்றின் முட்டைகளும் பொரிக்கவில்லை. இச்சான்றுகளை ஆண்டுக்கணக்கில் திரட்டி, 1962இல் 'மௌன வசந்தம்' என்னும் நூலை வெளியிட்டார். மருந்து உற்பத்தியாளர் சிலர் இவரை இகழ்ந்தனர். புற்றுநோய் உடலை வாட்டிய போதும் அம்மையார் தளர்ந்தாரில்லை. 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியற் குழு இவர் எச்சரிக்கைக்கு அரண் செய்தது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தம் 56ஆம் வயதில், இவர் மறைந்தார். 1972இல் அமெரிக்கா வேளாண்மையில் அம்மருந்தைத் தடை செய்தது.

பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைத் தெளிவாக்கின. டி.டி.டி. சிதைந்து தோன்றும் பொருள், கழுகு, கூழைக்கடா ஆகியவற்றின் முட்டையோட்டை மெலியச் செய்தது. தாய் அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கின. கோழி முட்டைக்கோ அத்துணைத் தீங்கு நேரவில்லை. கோழியை மட்டும் சோதித்திருந்தால் கழுகின் கேடு புலப்பட்டிராது! மேலும், வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆளும் ஹார்மோன் என்னும் சுரப்புநீரின் பணியை இத்தகைய நஞ்சுகள் குலைக்கும் என்பதும் தெரியவந்தது. ஆதலின், ஓருயிரைச் சோதித்த அளவிலேயே பிற உயிர்கட்கும் மனிதருக்கும் தீங்கில்லை எனத் துணிதல் தகாது.

உயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே அம்மையார் வாழ்வு உணர்த்தும் உண்மை. கூர்ந்து காணும் கண்ணும், கண்டதை அஞ்சாது உரைக்கும் நெஞ்சும் நாமும் பெறுவோமாக!